மாட்டுங்காவில் மூன்று ஸ்டேஷன்: நம் முதலீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மொட்டை மாடிக் குழுவின் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 6, நம் மாதக் கூட்டத்தில் கேட்டதற்கெல்லாம் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் எனக்கு வாய் அடைத்துவிடும், ராத்திரி படுத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டி வரும், இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதனால் எழுதுகிறேன். செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நம் ஆட்கள் வீடுகளில் இந்த வாரம் இதே பேச்சுதான் ஓடுகிறது என்று காதில் விழுவதால், நம் பதினொரு பேருக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லோரும் படிக்கட்டும் என்று திறந்தே வைக்கிறேன்.

நீங்கள் சொன்னதன் சாரம் இதுதான்: அமெரிக்கா வரி போட்டுவிட்டது, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் வெள்ளிக்கிழமை மட்டும் 930 புள்ளி போய்விட்டது, இனி பங்கு, வட்டி, தங்கம் என்று பிரித்துப் போடுகிற இந்தக் கலவைத் திட்டம் செல்லாது, மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற எஸ்ஐபியை நிறுத்துவோம், இருப்பதை எடுத்து வேறு எதிலாவது போடுவோம். மறுநாள் திங்கட்கிழமை இன்னும் 2,226 புள்ளி விழுந்தது. அன்று சாயங்காலம் எனக்கு வந்த போன்களில் பாதியில் "அண்ணாச்சி, சொன்னோமே" என்ற தொனி. அப்புறம் புதன்கிழமை டிரம்ப் சீனா தவிர மற்ற நாடுகளுக்கு 90 நாள் தள்ளிவைத்தார், வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 75,000-க்கு மேல் ஏறி முடிந்தது. இதைக் காட்டி நான் சொன்னதுதான் சரி என்று வாதாடப் போவதில்லை. வருகிற வாரம் மறுபடி விழலாம். யார் சொன்னது சரி என்பதை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்கிற விஷயம் இது இல்லை என்பதற்காக மட்டும் சொன்னேன்.

முதலில் என் யோக்கியதை. நான் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் பதிவு பெற்ற ஆலோசகன் இல்லை. 1989-ல் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்து, ஃபோர்ட்டில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் காகிதம் சுமந்தவன். அப்போதெல்லாம் ஷேர் என்றால் நிஜமாகவே காகிதம். சர்டிபிகேட்டுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் படிவம், கையெழுத்து ஒரு சுழி மாறினால் 'பேட் டெலிவரி' என்று திரும்பி வரும், அதைத் தூக்கிக்கொண்டு பங்குச் சந்தை இருக்கிற தலால் தெருவில் நடக்க வேண்டும். 1991 தொடக்கத்தில் ஆயிரத்தை ஒட்டி இருந்த சென்செக்ஸ் 1992 ஏப்ரலில் 4,467-க்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். டீக்கடைப் பையன்கூட சிமெண்ட் ஷேர் பேசினான். வங்கிப் பணத்தை எடுத்து ஷேர் விலையை ஏற்றிவிட்ட புரோக்கர் ஹர்ஷத் மேத்தாவின் விவகாரம் செய்தித்தாளில் வெடித்தது ஏப்ரல் 23. ஐந்து நாள் கழித்து 28-ஆம் தேதி ஒரே நாளில் 570 புள்ளி, அந்த நாளைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல், போயிற்று.

இந்த இடத்தில் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "காத்திருந்தால் சந்தை எப்போதும் திரும்பி வந்துவிடும்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 1992 ஏப்ரல் உச்சியில் மொத்தப் பணத்தையும் பங்கில் போட்டவர், 2003 ஏப்ரலில் என்ன பார்த்தார் தெரியுமா? சென்செக்ஸ் மூவாயிரத்துக்கும் கீழே. பதினொரு வருஷம். நடுவில் 1994-ல் ஒரு தரம் அந்த உச்சியைத் தாண்டியது, 2000-ல் கம்ப்யூட்டர் கம்பெனி மோகத்தில் இன்னொரு தரம், இரண்டு தரமும் சறுக்கியது. டிவிடெண்டு ஏதோ வந்திருக்கும், அதைத் தள்ளி வையுங்கள். பதினொரு வருஷத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போய்விடும். ஜப்பான் கதை இன்னும் மோசம்: அவர்களுடைய சந்தைக் குறியீடு நிக்கே 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சியை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில்.

அதனால் நம் திட்டத்தை விடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம் சந்தை மேல் இருக்கிற பக்தி இல்லை. அந்தப் பதினொரு வருஷத்தையே இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அரசாங்கத்தின் நீண்ட காலச் சேமிப்பான பிபிஎஃப்பின் வட்டி 2000 ஜனவரி வரை நூற்றுக்கு 12. வங்கி டெபாசிட்டும் பல வருஷம் அதை ஒட்டியே இருந்தது. 12 வட்டியில் பணம் ஆறு வருஷத்தில் இரட்டிக்கும். பங்கு சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில் வீட்டுக்குச் சோறு போட்டது வட்டி. பிறகு வட்டி இறங்கியது, 2003-லிருந்து பங்கு எழுந்தது, 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அது உடைந்து சரிந்தபோது யார் தூக்கிக்கொண்டு நடந்தது? தங்கம். 2008 தொடக்கத்திலிருந்து 2012-க்குள் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்புறம் தங்கம் படுத்துக்கொண்டது. இப்படி முறை மாறி மாறி வருகிறது. அடுத்தது யார் முறை என்று முன்கூட்டிச் சொன்ன ஒருவரையும் முப்பத்தைந்து வருஷத்தில் தலால் தெருவில் நான் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னதாகப் பிறகு சொன்னவர்கள் நிறைய.

என் தாத்தா வயலிலும் இதுதான். தண்ணீர் பார்த்து நெல், ஒரு பக்கம் வாழை, வரப்பில் உளுந்து, ஓரத்தில் பனை. நெல்லுக்கு விலை வந்த வருஷம் வாழையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லாம் நெல்லாக நட்டவர் எங்கள் தெருவில் ஒருத்தர் உண்டு. அவர் கதை இங்கே வேண்டாம்.

நான் புத்திசாலி என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2008-ல் என்னிடம் பங்கு ஃபண்டுகளில் நாலு லட்சம் போட்ட பணம் இருந்தது. கைப்பணம் என்று தனியாக எதுவும் கிடையாது, டெபாசிட் எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே இடம். அக்டோபரில் ஆபீசில் மூன்று பேருக்கு வேலை போயிற்று, அடுத்தது நான் என்று பேச்சு. 27-ஆம் தேதி நம் தீபாவளி, இங்கே லட்சுமி பூஜை மறுநாள், அன்றைக்குச் சந்தை திறந்திருந்தது. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போய் மொத்தத்தையும் விற்றேன். அன்று சென்செக்ஸ் 7,700-க்குக் கீழே வரை இறங்கியது. கையில் வந்தது ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். வேலை போகவில்லை. மறுபடி எப்போது வாங்கினேன் தெரியுமா, 2010 தீபாவளிக்கு, தீபாவளிக்கென்று நல்ல நேரம் பார்த்துச் சந்தையைக் கொஞ்ச நேரம் திறக்கிற முகூர்த்த டிரேடிங்கில் சென்செக்ஸ் 21,000-ல் முடிந்த அன்று, எல்லோரும் லட்டு கொடுத்த நாளில். அடுத்த வருஷக் கடைசியில் அது பதினைந்தாயிரத்துப் பக்கம் இருந்தது. ஒரு தீபாவளிக்கு விற்று இன்னொரு தீபாவளிக்கு வாங்கியவன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள், பட்சணம் தட்டில் வைக்கும்போது.

அந்தத் தப்பிலிருந்துதான் நம் பச்சை நோட்டு வந்தது. 2018-ல் சீட்டு முடிந்த கையோடு இந்தக் குழுவை ஆரம்பித்தபோது முதல் பக்கத்தில் எழுதிப் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆறு மாதச் செலவு வங்கியில் தனி, அது கணக்கிலேயே வராது. மற்றதில் நூறு ரூபாய்க்கு 55 ரூபாய் பங்கு, 30 ரூபாய் பிபிஎஃப்பும் டெபாசிட்டும் கடன் ஃபண்டும் (கடன் பத்திரங்களில் போடுகிற ஃபண்டு), 15 ரூபாய் தங்கம். வருஷத்துக்கு ஒரு தரம், சித்திரையில், விகிதம் பார்ப்பது. ஐந்துக்கு மேல் விலகியிருந்தால் சரி செய்வது. திட்டத்தையே மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் சொன்ன நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் முடிவு. கடைசி வரியை எழுதச் சொன்னதே போன ஞாயிறு எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசிய முலுண்டுத் தம்பிதான், நோட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது.

மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. நமக்கு மூன்று ஸ்டேஷன்: மத்திய லைனில் மாட்டுங்கா, மேற்கு லைனில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள். வாடகை அதிகமானாலும் இந்த ஏரியாவை நான் விடாததற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் ஒன்று நின்றால் இன்னொன்றுக்கு நடந்துவிடலாம். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். சயான், குர்லா நடுவே தண்ணீர் ஏறினால் மத்திய லைன் நிற்கும், சுனாபட்டியில் ஹார்பரும் பெரும்பாலும் கூடவே நிற்கும், ஏனென்றால் பெயர்தான் இரண்டு, பள்ளம் ஒன்று. நம்மிடம் இருக்கிற நாலு பங்கு ஃபண்டுகளும் அப்படித்தான். பெயர் வேறு, கம்பெனி வேறு, உள்ளே திறந்து பார்த்தால் அதே பெரிய வங்கிகள், அதே இரண்டு மூன்று சாஃப்ட்வேர் கம்பெனிகள். நாலு ஃபண்டு வைத்திருப்பதால் நாலு இடத்தில் போட்டிருக்கிறோம் என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். இதை மாற்றத்தான் வேண்டும், இரண்டு போதும். வெளிநாட்டுப் பங்குகளுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கியிருந்தோம், 2022-ல் ஃபண்டுகள் வெளிநாட்டில் போடக்கூடிய வரம்பு நிரம்பிப் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தியபோது அதை அப்படியே மறந்துவிட்டோம். அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

2005 ஜூலை 26 ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாந்தாகுருசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அன்றைக்கு மூன்று லைனும் நின்றது. ஃபோர்ட்டிலிருந்து நடந்தேன், பரேல் ஹிந்துமாதா பக்கம் இடுப்பளவு தண்ணீர், வீடு வந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. 2020 மார்ச்சிலும் சில நாள் அப்படி இருந்தது: பங்கு விழுந்தது, தங்கமும் கொஞ்ச நாள் விழுந்தது, ஏப்ரலில் ஒரு பெரிய ஃபண்டு கம்பெனி ஆறு கடன் திட்டங்களை இழுத்து மூடியது. எல்லாம் ஒன்றாக நிற்கிற நாளும் வரும். அன்றைக்கு நடப்பதற்குக் கால் வேண்டும், அந்தக் கால்தான் ஆறு மாதக் கைப்பணம். 2008-ல் என்னிடம் இல்லாமல் போனது அது ஒன்றுதான், மற்ற புத்தியெல்லாம் இருந்தது.

2020 மார்ச் 23-ல் சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தபோது நம்மில் ஒருவர்கூட எஸ்ஐபியை நிறுத்தவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளதைச் சொல்வோம். முதல் நாள்தான் லோக்கல் ரயிலை நிறுத்தியிருந்தார்கள், கூட்டம் போட முடியவில்லை, எல்லோரும் வீட்டில் அரிசி பருப்புக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தோம், வங்கியில் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. அதே வருஷம் நவம்பருக்குள் சந்தை பழைய உச்சியைத் தாண்டிவிட்டது. நம்மைக் காப்பாற்றியது துணிச்சல் இல்லை, மாதக் கூட்டம் நடக்காததுதான்!

இப்போது இந்த வருஷக் கணக்கு. பத்து லட்சம் வைத்திருப்பவர் ஒருவர் போன செப்டம்பர் உச்சியில் சரியாக நம் விகிதத்தில் இருந்தார் என்று வையுங்கள்: ஐந்தரை லட்சம் பங்கு, மூன்று லட்சம் வட்டி, ஒன்றரை லட்சம் தங்கம். சென்செக்ஸ் 85,800 சொச்சத்திலிருந்து போன திங்கட்கிழமை 73,100 சொச்சத்துக்கு வந்தது, ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து. அப்போது பங்கு நாலு லட்சத்து 67,500. தங்கம் நூற்றுக்கு இருபதை ஒட்டி ஏறியதாக வைத்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம். வட்டிப் பக்கம் அரை வருஷத்துக்கு மூன்று, அதாவது மூன்று லட்சத்து ஒன்பதாயிரம். கூட்டினால் ஒன்பது லட்சத்து 56,500. போனது 43,500. கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிவியில் சிவப்பாக ஓடுகிற எழுத்தைப் பார்த்து நாம் மனசுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு ஒன்றரை லட்சம் போச்சு என்பது. அந்த அலறல் நூறும் பங்கில் வைத்திருப்பவருக்கானது, நமக்கானது இல்லை.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. இந்தக் கணக்கில் பங்கு இப்போது 55-லிருந்து 49-க்கு வந்துவிட்டது, தங்கம் 15-லிருந்து 19-க்குக் கிட்டே. ஐந்துக்கு மேல் விலகினால் சரி செய்வது என்று நோட்டில் இருக்கிறதே, அதன்படி இந்தச் சித்திரையில் நாம் செய்ய வேண்டியது புதுப் பணத்தைப் பங்குப் பக்கம் திருப்புவது. நீங்கள் கேட்டது இதற்கு நேர்மாறு. விற்றுச் சரி செய்ய வேண்டாம், லாபத்துக்கு வரி விழும். வருகிற மாதச் சேமிப்பைத் திருப்பினாலே சில மாதத்தில் கிட்டே வந்துவிடும். சின்னக் கம்பெனிப் பங்குகளில் போடுகிற ஸ்மால்கேப் ஃபண்டு பற்றித் தனியாகப் பேச வேண்டும். 2023 கடைசியில், எல்லோர் வீட்டிலும் அது ஏறிக்கொண்டிருக்கிறது என்று நோட்டில் இல்லாததைச் சேர்த்தோம், நானும் முனகிவிட்டுச் சும்மா இருந்தேன், இப்போது உச்சியிலிருந்து கால்வாசி இறங்கி வந்திருக்கிறது. இது திட்டத்தின் தோல்வி இல்லை, திட்டத்தை மீறிய தோல்வி, அதில் என் பங்கும் உண்டு.

தங்கத்துக்கு மாறலாம் என்ற கல்யாண் அக்காவுக்கு: அக்கா, உங்கள் கையில் வளையலாக இருப்பதையும் சேர்த்தால் உங்கள் விகிதம் இப்போதே பாதி தங்கம். 2012 கடைசியில் பத்து கிராம் 30,000-ஐ ஒட்டி இருந்தது, 2018-லும் ஏறத்தாழ அங்கேயேதான், நடுவில் 25,000 பக்கம் போய்வந்தது. ஏறுகிற இந்த வருஷத்தில் அந்த ஆறு வருஷம் யார் கண்ணிலும் படாது.

எல்லாவற்றையும் டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற ஐயாவுக்கு: உங்கள் வயதுக்கு 55 பங்கு அதிகம் என்பதில் எனக்கும் சம்மதம், அதை 30 ஆக்குவது பற்றி மே மாதம் பேசுவோம், அது நியாயமான மாற்றம். ஆனால் பூஜ்யம் வேண்டாம். 2020-ல் பெரிய வங்கிகளிலேயே ஒரு வருஷ டெபாசிட் வட்டி ஐந்தை ஒட்டி வந்ததும், அப்போது நீங்கள் மருந்துச் செலவுக்குப் பட்ட பாடும் மறந்திருக்காது. அப்புறம் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். 2019-ல் நம் ஊர்க் கூட்டுறவு வங்கி ஒன்று முடங்கியபோது முதலில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கவிட்டார்கள், வாசலில் நின்று அழுதவர்களை நாம் பார்த்தோம். டெபாசிட் காப்பீடு இப்போது ஒரு வங்கிக்கு ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான்.

பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிற மாதிரியான எஃப் அண்ட் ஓ-வில் இறங்கி நஷ்டத்தை எடுத்துவிடலாம் என்ற மூன்றாவது மாடித் தம்பிக்கு அதிகம் சொல்ல மாட்டேன். செபியே கணக்கெடுத்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது: மூன்று வருஷத்தில் அதில் இறங்கிய தனி ஆட்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம், சராசரியாக ஆளுக்கு இரண்டு லட்சம். நீ அந்த மீதி ஏழு பேரில் ஒருத்தன் என்று நினைத்தால், உன் அம்மாவிடம் ஒரு தரம் சொல்லிவிட்டு இறங்கு.

ஒருவர் மட்டும் போன ஞாயிறு வாயே திறக்கவில்லை. அவருக்குப் போன மாதம் வேலை போய்விட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி, நீ எஸ்ஐபியை நாளைக்கே நிறுத்து. வெட்கப்பட வேண்டாம், யாரிடமும் கேட்கவும் வேண்டாம், 30 நாள் விதி உனக்கு இல்லை. கைப்பணம் முடிகிற மாதிரி இருந்தால் முதலில் டெபாசிட்டைத் தொடு, பிறகு தங்கம், பங்கைக் கடைசியாக. சொந்த வீட்டில் நிலைமை மாறினால் திட்டம் மாறத்தான் வேண்டும்; பெண்ணுக்குக் காலேஜ் இரண்டு வருஷத்தில் என்றால், கல்யாணம் அடுத்த தை என்றால், அந்தப் பணம் இன்றைக்கே பங்கை விட்டு வெளியே வரட்டும், சந்தை எங்கே இருந்தாலும் சரி. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மாட்டுங்காவில் பத்துப் பேர் ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைப்பதற்குத்தான் நான் குறுக்கே நிற்கிறேன். பதறிய காரியம் சிதறும் என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை, 2008 தீபாவளியன்று அதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டது ஏப்ரல் 6. முப்பது நாள் முடிவது மே 6. அதற்கு முன்னால் வருகிற கூட்டம் மே 4 ஞாயிறு, வழக்கம்போல் காலை பத்து மணி, மொட்டை மாடி, வெயில் தாங்காவிட்டால் கீழே பார்க்கிங். பேச்சு அன்று, கையெழுத்து 6-ஆம் தேதிக்குப் பிறகு. வரும்போது ஆளுக்கு ஒரு தாளில் பங்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, கைப்பணம் எத்தனை மாதத்துக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். பச்சை நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கொண்டு வருகிறேன். பிறகும் விலகத்தான் வேண்டும் என்பவர்கள் பெயரை அதில் அடித்துவிடலாம், வருத்தமில்லை, காபிக்கு மட்டும் வந்துகொண்டிருங்கள்.

நாளைக்குச் சித்திரை ஒன்று. சந்தைக்கும் விடுமுறை. போனைக் கீழே வைத்துவிட்டு மாங்காய்ப் பச்சடி சாப்பிடுங்கள்.

உங்கள்
அண்ணாச்சி
மாட்டுங்கா, மும்பை
2025 ஏப்ரல் 13